மெத்தைக்காக வாங்கிய முகவரி

அவளுக்குப் பிறந்த வீட்டில் ‘உதறல்’ என்று பெயர். இரண்டு அக்காமாரும் சேர்ந்து வைத்தது. வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டால் எழுந்து நிற்பதற்குள் முழங்கால் ஆடும். கல்யாணத்தைப் பதிவு செய்தபோது அவள் கையெழுத்து கோட்டைத் தாண்டி எங்கோ போய் நின்றது. “நிலநடுக்கம் வந்த மாதிரி எழுதியிருக்கா” என்று பெரிய அக்கா சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். உதறலும் சிரித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு வெளிச்சத்திலும் பேய் தெரியும்.

முதலில் அவள் சேர்ந்தது தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற கம்பெனியில், போன் எடுக்கிற வேலை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுவாள். வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் போதும், “ஆமாம் சார், எங்க தப்புதான் சார்” என்று கம்பெனி செய்யாத தப்பையும் சேர்த்து ஒப்புக்கொள்வாள். கம்பெனிக்காரர்களே மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகுதான், யாரிடமும் வாய் திறக்க வேண்டாத வேலை ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு இந்த ஆபீசுக்கு வந்தாள்.

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனையும் எதிரே பேருந்து நிறுத்தமும். கடைகளையும் கம்பெனிகளையும் தேடுபொறியில் முன்னால் கொண்டுவருவது அங்கே தொழில். மெத்தை என்று ஒருவர் தட்டினால் ஆயிரம் கடை வந்து நிற்கும்; முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் போவதில்லை. எதை முதலில் காட்டுவது என்பதைத் தேடுபொறி எப்படி முடிவு செய்கிறது? புது ஊருக்கு வந்தவன் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. நாலு பேரிடம் விசாரிக்கிறது. நாலு பேரும் ஒரே கடையைக் கை காட்டினால் அந்தக் கடையை நம்புகிறது. கை காட்டுகிறவர் பெரிய மனிதராக இருந்தால் இன்னும் அதிகம் நம்புகிறது. அப்படிக் கை காட்டுவதற்குத்தான் லிங்க் என்று பெயர்.

உதறல் ஒரு மெத்தைக் கம்பெனிக்காகக் கட்டுரைகள் எழுதுவாள்: முதுகுவலிக்கு எந்த மெத்தை, குழந்தைக்கு எந்த மெத்தை. எழுதியதை வைத்துக்கொண்டு மற்ற தளங்களுக்கெல்லாம் மெயில் அனுப்பி லிங்க் கேட்பாள். பிச்சைதான், ஆனால் முகம் பார்க்காத பிச்சை. அவளுக்கு அது தோதாக இருந்தது.

குறுக்கு வழியும் ஒன்று இருந்தது. சில தளங்களை நடத்தியவர்கள் வருடக் கட்டணம் கட்ட மறந்து கைவிட்டிருப்பார்கள். தளத்தின் முகவரி சந்தைக்கு வந்துவிடும். ஆனால் அதைப் பார்த்துக் கை காட்டியவர்களின் கைகள் இறங்காமல் அப்படியே இருக்கும். அந்த முகவரியை வாங்கி உள்ளே மெத்தைக் கட்டுரையைப் போட்டால் அத்தனை கைகளும் மெத்தையைக் காட்டும்.

அப்படி ஒரு முகவரி அவள் கண்ணில் பட்டது. செய்தித்தாள்கள், ஒரு கல்லூரி, ரயில்வே ஊழியர் சங்கம், பெண்கள் அமைப்பு ஒன்று, எல்லாம் அதைக் கை காட்டிக்கொண்டிருந்தன. இணையக் காப்பகத்தில் இருந்த பழைய பக்கத்தின் நகலைத் திறந்து பார்த்தாள். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையில் ஒரு பெண்ணின் படம். மேலே, ‘எங்கள் தங்கையைக் காணவில்லை.’ அவளுடைய முழுப் பெயர், உயரம், வலது புருவத்தில் இருந்த வெட்டுக்காயத் தழும்பு.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுவதால் ஆபீசில் அவருக்குச் சரிசரி என்றே பெயர்.

“சார், இது காணாமப்போன ஒரு பொண்ணைத் தேடறதுக்காக வெச்சிருந்த சைட்.”

“கிடைச்சிருப்பா. அதான் விட்டுட்டாங்க. இந்த மாதிரி லிங்க் தவம் கிடந்தாலும் கிடைக்காதும்மா.”

அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கும் வசதியாக இருந்தது. வாங்கினாள். படம் இருந்த இடத்தில் மெத்தை வந்தது. ஒரு மாதத்துக்குள் மெத்தைக் கம்பெனி முதல் பக்கத்துக்கு ஏறியது. சரிசரி எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

அந்த முகவரிக்கு வருகிற மெயிலும் இப்போது அவளுக்குத்தான் வரும். வந்ததெல்லாம் விளம்பரக் குப்பை. ஒரு காலை குப்பைக்கு நடுவே இப்படி ஒன்று இருந்தது: ‘படத்தை எடுத்துட்டீங்க. தேடறதை நிறுத்தியாச்சா? ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. நான் யாருன்னு கேக்காதீங்க.’

கை மவுசை விட்டு நகர மறுத்தது. ஜன்னலையும் கதவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைப் பேசி அமைதிப்படுத்துவதும் அவன் வேலையில் சேர்ந்தது. வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவான்.

“எவனாவது ஏமாத்துக்காரனா இருப்பான். பதில் போட்டா, ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்குவான். விட்டுடு.”

“நிஜமாவே அந்தப் பொண்ணா இருந்தா?”

“இருந்தா அவங்க வீட்டுக்கில்ல போன் பண்ணுவா. மெத்தைக்கு எதுக்கு எழுதறா?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டாள். ஆனால் அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. ‘பதில் வராதுன்னு தெரியும். படத்தை எடுத்ததுக்கே நன்றி. ரொம்ப நாளுக்கப்புறம் என் சொந்தப் பேர்ல வேலைக்கு மனு போட்டிருக்கேன். இனிமே என் பேரைத் தட்டிப் பாத்தா மெத்தைதானே வரும்.’

உதறல் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தேடப்பட்டவள், தேடல் நின்றதற்கு நன்றி சொல்கிறாள்.  மெத்தைக்குக் கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிவிட்டது.

அந்த வார வெள்ளிக்கிழமை ஒருவன் ஆபீசுக்கு வந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. மெத்தைக் கம்பெனிக்குப் போன் செய்து, அவர்களிடம் இந்த ஆபீசின் விலாசத்தை வாங்கியிருக்கிறான். சரிசரி வெளியே போயிருந்ததால் உதறலின் எதிரே உட்கார்ந்தான்.

“அந்த அட்ரஸ் என்னோடது சிஸ்டர். பணம் கட்ட மறந்துட்டேன். என் தங்கச்சியைத் தேடறதுக்காக வெச்சிருந்தேன்.” குரல் பஞ்சு மாதிரி இருந்தது. “அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. ஒரு தடவை அவ முகத்தைப் பாத்துட்டா போதும்ங்கறாங்க.”

அவன் கண் கலங்கியது.  இதோ, இங்கேதான் இருக்கிறது அவள் எழுதியது என்று உதறலுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அவனுடைய கையைப் பார்த்தாள். அழுதுகொண்டே அவன் அவளுடைய மேஜையைச் சீர் செய்துகொண்டிருந்தான். பேனாவை ஸ்டேப்ளருக்கு இணையாக நகர்த்தினான். அவளுடைய தண்ணீர் பாட்டிலைச் சுவரோரம் தள்ளினான். அவளுடைய சாவிக்கொத்தை எடுத்து, சாவிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கி வைத்தான்.

“மெயில் ஏதாவது வந்துதா அந்த அட்ரஸுக்கு?”

“விளம்பரம்தான் சார் வருது.”

“வேற எதுவும் இல்லையா?”

“இல்லை சார்.”

“எதையும் அழிச்சிடாதீங்க. எல்லாம் எனக்கு வேணும்.” பஞ்சு அப்படியே இருந்தது, அதற்குள் ஒரு ஊசி இருந்தது.

இதற்குள் சரிசரி வந்துவிட்டார். கதையைக் கேட்டு உருகிப்போனார். பாவம், கூடப்பிறந்தவன் தவிப்பு என்றார். “சரி சரி, வாங்கின விலைக்கே திருப்பித் தந்துடறோம் சார். திங்கக்கிழமை வாங்க, மாத்திடலாம்.”

அவன் கீழே இறங்கிப் போனான். உதறல் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றான். பேருந்துகள் வந்தன, போயின. அவன் ஏறவில்லை.

அன்று அவள் டயர் கடையின் பின்வாசல் வழியாக வெளியேறி, சுற்றுவழியில் வீட்டுக்குப் போனாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு முதல் தடவையாகப் பதில் எழுதினாள். உங்கள் அண்ணன் வந்தார், முகவரியைத் திரும்ப வாங்கப் போகிறார், அம்மா நோயில் கிடப்பதாகச் சொன்னார் என்று எழுதித் தன் போன் எண்ணையும் போட்டாள். அனுப்பிய மறுகணமே, எண்ணை ஏன் போட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் போன் வந்தது. கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நீங்க யாரு?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“மெத்தைக்கு எழுதறவ.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “அம்மா படுத்திருக்காங்கன்னா சொன்னான்?”

“ஆமா. உங்களைப் பாக்கணும்னு...”

“அம்மா செத்துப்போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நான் வீட்டை விட்டே வந்தேன். அவங்க இருந்த வரைக்கும் நடுவுல வந்து நிப்பாங்க. அப்புறம் யாரும் இல்லை.”

உதறல் போனைக் காதில் வைத்தபடியே பழைய பக்கத்தின் நகலைத் திறந்தாள். அன்று படத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிட்டிருந்தாள். கீழே அவனே எழுதியிருந்தான்: ‘தாயை இழந்த துக்கத்தில் மனம் பேதலித்து வீட்டை விட்டுச் சென்றுவிட்டாள்.’

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை” என்றான் கணவன் மெதுவாக.

அந்தப் பெண் சொன்னது கொஞ்சம்தான். பக்கம் வேறு யார் கைக்கோ போய்விட்டது என்று நினைத்துத்தான் எழுதிக் கேட்டிருக்கிறாள். அவளை வெளியே விடாமல் அண்ணன் பூட்டி வைத்திருந்தான். புருவத்துத் தழும்பு அவன் கொடுத்தது. ஓடிவந்த பிறகு ஒரு ஊரில் விடுதியில் தங்கி வேலை பார்த்திருக்கிறாள். பக்கத்து அறைக்காரி எதற்கோ பெயரைத் தட்டிப் பார்த்து, படத்தைக் கண்டு, அதிலிருந்த எண்ணுக்குச் சொல்லிவிட்டாள். “நல்லது செய்யறதா நினைச்சுத்தான் சொன்னா. மறுநாளே விடுதி வாசல்ல நிக்கறான். சமையலறை வழியா ஓடினேன்.”

“போலீஸ்ல சொல்லலாமே.”

“காணோம்னு புகார் கொடுத்ததே அவன்தான். அழுவான், பாத்திருப்பீங்களே. எல்லாரும் அவனுக்குத்தான் கை கொடுத்தாங்க. பேப்பர்ல போட்டாங்க, காலேஜ்ல போட்டாங்க. ஊர்ல இருக்கற நல்லவங்க எல்லாரும் என்னைத் தேடினாங்க.” குரல் தாழ்ந்தது. “திங்கக்கிழமை திரும்ப வந்துடுமா அந்தப் படம்?”

 “இனிமே இந்த அட்ரஸுக்கு எதுவும் எழுதாதீங்க” என்று மட்டும் சொல்லி உதறல் போனை வைத்தாள்.

இரவெல்லாம் புரண்டாள். விடியும்போதுதான் அவளுக்குத் தன் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. படம் திரும்ப வருவதை அவளால் தடுக்க முடியாது. ஆனால் அதை முதல் பக்கத்தில் தூக்கி வைத்தது எது? கைகள். அத்தனை நல்லவர்களின் கைகள். காலமெல்லாம் லிங்க் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதியவளுக்கு, எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சத் தெரியாதா? அதற்குப் பொய்கூடச் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை வரை அங்கே மெத்தைதானே இருக்கிறது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து எழுதினாள். ‘உங்கள் தளத்திலிருந்து நீங்கள் இணைப்புக் கொடுத்திருக்கும் பக்கம் கைமாறிவிட்டது. இப்போது அதில் மெத்தை விளம்பரம்தான் இருக்கிறது. உங்கள் வாசகர்கள் ஏமாறாமல் இருக்க இணைப்பை நீக்கிவிடுவது நல்லது.’ பெண்கள் அமைப்புக்கு மட்டும் தனியாக எழுதினாள்: அந்தப் பெண் வயது வந்தவள், உயிரோடு இருக்கிறாள், தன்னைத் தேட வேண்டாம் என்கிறாள், அவள் விரும்பினால் நீங்கள் அவளோடு பேச முடியுமா? அங்கே பொறுப்பிலிருந்த அம்மாள் அன்று மாலையே பேசினார். “விசாரிக்காம லிங்க் போட்டுட்டோம். எங்க தப்பு” என்றார்.

கல்லூரி எடுத்துவிட்டது. ரயில்வே சங்கம் அந்தப் பக்கத்தையே தூக்கிவிட்டது. செய்தித்தாள்களில் பெரியது மட்டும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போன் செய்தாள். சொல்ல வேண்டியதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு படித்தாள்.

பணியிலிருந்த உதவி ஆசிரியர் அலுத்துக்கொண்டார். “மேடம், பழைய செய்தியை எல்லாம் தோண்டிட்டிருக்க முடியாது.”

“மனிதாபிமானச் செய்தின்னு போட்டிருக்கீங்க. தட்டிப் பாத்தா மெத்தை தள்ளுபடின்னு வருது. எங்க மெத்தைதான். எங்களுக்கு லாபம், உங்களுக்குத்தான் அசிங்கம்.”

அப்படிப் பேசியது தான்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. “எடுத்துட்டேன், போங்க” என்றார் அவர்.

போனை வைத்ததும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

திங்கட்கிழமை அவன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். அவள் முகவரியை அவன் பெயருக்கு மாற்றுகிறபோது நாற்காலியை இழுத்துத் தோளருகே போட்டுக்கொண்டான். மெயில் பெட்டியைத் திறக்கச் சொன்னான். விளம்பரங்கள் மட்டும் இருந்தன.

“கம்மியா இருக்கே.”

“குப்பை அப்பப்ப தானா அழிஞ்சிடும் சார்.”

“உங்க கை ஏன் நடுங்குது?”

“அவ கை எப்பவுமே அப்படித்தான் சார்” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கணவன், வேலை உடுப்போடு, கையில் கருவிப்பையோடு நின்றிருந்தான். “கல்யாணத்துலயே கையெழுத்துப் போட வரல.” சரிசரி பெரிதாகச் சிரித்தார். அண்ணன்காரனும் சிரித்தான். எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் நேராகத் தள்ளிவிட்டு, கதவருகே நின்றான்.

“அம்மா கேட்டா என்ன சொல்லட்டும் சிஸ்டர்?”

“விசாரிச்சதா சொல்லுங்க சார்” என்றாள் உதறல். மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை, தானாக வந்துவிட்டது. அவன் அவளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது.

படம் அன்றே திரும்ப வந்தது. ஆனால் நாலு பேரிடம் கேட்டுப் போகிற தேடுபொறிக்கு இப்போது கை காட்ட ஆள் இல்லை. பெயரைத் தட்டினால் முதல் பக்கத்தில் வந்தது மூன்றாவதுக்குப் போனது, பிறகு எங்கே என்றே தெரியாமல் போனது. கூடவே மெத்தையும் விழுந்தது. அந்தக் கம்பெனி வேறு ஆபீசுக்குப் போய்விட்டது. முகவரியைத் திருப்பிக் கொடுத்தது தானேதான் என்பதை மறந்து சரிசரி ஒரு வாரம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார்.

சில மாதங்கள் கழித்து அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவை வாடிக்கையாளராக.

“முன்னாடியெல்லாம் பேரைத் தட்டினா என் பக்கம்தான் முதல்ல வரும். இப்ப காணோம். இதுதானே உங்க தொழில்? தூக்கிக் கொடுங்க.”

“சரி சரி, செஞ்சுடலாம் சார்” என்றார் முதலாளி. எதிர் மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் கெட்டிக்காரி, எடுத்தால் முடிக்காமல் விட மாட்டாள்.

உதறல் எழுந்து நின்றாள். முழங்கால் ஆடியது. “அதை நான் பாத்துக்கறேன் சார். ஏற்கெனவே எனக்குப் பழக்கம்.” அந்த ஆபீசில் அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் வேலை அதுதான்.

அவனுடைய பக்கத்தை அவள் அழகாக மாற்றியமைத்தாள். பெயர், விவரம் எல்லாவற்றையும் கறுப்புக் கரை போட்ட ஒரே படமாகச் செய்தாள். பார்க்கிறவர் கண் கலங்கும். ஆனால் படத்துக்குள் இருக்கிற எழுத்து தேடுபொறிக்குச் சரியாகப் படிக்க வராது. சுற்றிலும் குடும்பப் பாசம் பற்றி நீள நீளமான கட்டுரைகள். அதில் அந்தப் பெண்ணின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. “ரொம்ப நல்லா வந்திருக்கு சிஸ்டர்” என்றான்.

மாதா மாதம் நேரில் வந்து உட்கார்ந்து கேட்பான். “ஏறலையே.”

“மெதுவாத்தான் சார் ஏறும்.”

“வேற ஆபீஸ்ல கேட்டுப் பாக்கட்டுமா?”

“பாருங்க சார். இடையில விட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்பாங்க.” இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அவன் மேஜையைச் சீர் செய்வான். அவன் போன பிறகு நெடுநேரம் அவள் எதையும் தொடமாட்டாள். வேலையை விட்டுவிடு என்று கணவன் எத்தனையோ முறை சொன்னான். “நான் விட்டா அது எதிர் மேஜைக்காரிகிட்ட போகும். அவ நிஜமாவே தூக்கிடுவா” என்பாள்.

ஒரு நாள் உதறல் ஆபீசில் இருந்தபோது பெண்கள் அமைப்பின் அம்மாள் மூலமாக அந்தப் பெண் போனில் பேசினாள். குரல் மாறியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது, மேஜையில் முழுப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

“ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன். உங்களைப் பாக்கணும் போல இருக்கு. நான் இருக்கறது...”

“சொல்லாதீங்க” என்று உதறல் அவசரமாகக் குறுக்கிட்டாள். “எந்த ஊருன்னு சொல்லிடாதீங்க. நான் பயந்தவ. அவன் கொஞ்சம் உத்துப் பாத்தாலே உளறிடுவேன். எனக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது.”

 அந்தப் பெண் ஊரைச் சொல்லாமல், அங்கே இப்போது மழை பெய்கிறது என்றாள். உதறல் சட்டென்று ஜன்னலை மூடினாள், அந்த மழைச் சத்தம்கூடக் கீழே பேருந்து நிறுத்தம் வரை கேட்டுவிடக்கூடாது என்பதைப் போல.